மண்ணில்லாக் கீரையும் நாற்பது பாவாடைகளும்

என் வீட்டுக்காரர் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் மேற்பார்வையாளர். மண்ணே இல்லாமல் வெறும் தண்ணீரில் கீரை வளர்ப்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்போனில் பார்த்துத் தொலைத்தார். மறுவாரமே பி.வி.சி. குழாய்கள், அதில் ஓட்டை போட ஒரு கருவி, தண்ணீர்த் தொட்டி, குட்டி மோட்டார், விதை ஊன்ற ஸ்பாஞ்சு என்று வீடு கொள்ளாமல் சாமான் வந்து இறங்கியது. மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் வீட்டில் வெயில் வருவது ஒரே ஒரு ஜன்னலில். அதனடியில் பன்னிரண்டு வருஷமாக நிற்பது என் தையல் மெஷின். "ஒரே மாசந்தான், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று சொல்லிக்கொண்டே அதைக் குளியலறைப் பக்கத்து நடைக்குத் தள்ளிவிட்டார். ஒரு மாசம் மூன்று மாசமானது.

ஜன்னலடியில் மூன்றடுக்குக் குழாய். பக்கத்துச் சுவரில் ஒரு தாள்: 'தினமும் எட்டு மணி நேரம் வெளிச்சம் கட்டாயம்.' நான் திரையைத் தொட்டாலே, கைக்குழந்தையை எழுப்பிவிட்டது போல முறைப்பார். நானோ பட்டப்பகலில் ஒரு மங்கல் பல்பின் அடியில், மூக்கு துணியில் இடிக்கத் தைத்துக்கொண்டிருந்தேன்.

முளை வந்தது. நான்கு இலை விட்டது. ஆபீஸ் முழுக்க ஃபோட்டோ போனது. ஞாயிற்றுக்கிழமை தொட்டித் தண்ணீரை மாற்றினார். புதன்கிழமைக்குள் அத்தனையும் வெளுத்துப் படுத்துவிட்டது. விதை சரியில்லையாம். மறுபடி ஊன்றினார், மறுபடி செத்தது. மோட்டார் சரியில்லையாம். மூன்றாவது தடவை என் துணித்தூசுதான் காரணமாம். நடையில் கிடக்கும் என் தூசு எழுந்து நடந்து போய்க் கீரையைக் கொன்றதாம்!

நிஜக் காரணம் எனக்கு முதல் தடவையே தெரியும். தண்ணீர் மாற்றும்போதெல்லாம் தொட்டியில் ஒரு கரண்டி பிளீச்சிங் பவுடரைப் போட்டுக் கலக்கி, முகர்ந்து பார்த்து, திருப்தியாகத் தலையாட்டுவார். இருபது வருஷ உத்தியோகம். தொட்டியைக் கண்டால் கை தானாகப் போடும். துணியையே தின்கிற பவுடர் இளம் வேரைச் சும்மா விடுமா? நான் வாயைத் திறக்கவில்லை. கீரை சாகட்டும், ஜன்னல் எனக்கு வரட்டும் என்று காத்திருந்தேன். கெட்ட எண்ணம்தான், இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் ஜன்னல் வருவதற்குள் பள்ளிக்கூடத்திலிருந்து நாற்பது சீருடைப் பாவாடைகள் மூட்டையாகத் திரும்பி வந்தன. கருநீலத் துணியில் கறுப்பு நூலால் தைத்திருக்கிறேன். நடை இருட்டில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. வெள்ளிக்கிழமைக்குள் பிரித்துத் தைத்துத் தராவிட்டால், வருஷா வருஷம் எனக்கு வரும் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும் என்று தலைமையாசிரியை சொல்லி அனுப்பியிருந்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

அன்றைக்கென்று நாத்தனார் வந்து சேர்ந்தார், தம்பியின் தோட்டத்தைப் பார்க்க. செத்த செடிகளைப் பார்த்து உச்சுக்கொட்டியவர், தொட்டிப் பக்கம் குனிந்தார்.

"என்னடா, உன் ஆபீஸ் வாசனை அடிக்குது?"

என் வீட்டுக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. கரண்டியைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"மொத தடவையே தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? மூணு தடவ செத்துப்போச்சே."

"செடிக்கு எட்டு மணி நேரம் வெளிச்சம் வேணும்னு எழுதி ஒட்டினீங்க. எனக்கு எவ்வளவு வேணும்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

நாத்தனார் குழாயை ஆராய்வது போலத் திரும்பிக்கொண்டார். நான் குழாய் அடுக்கைச் சுவரோரம் இழுத்துவிட்டு, ஜன்னலடியில் ஒரு நாற்காலியைப் போட்டேன். மூட்டையை அவிழ்த்து, தையல் பிரிக்கும் ஊசியை வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன்.

"உக்காருங்க. வெளிச்சம் நல்லா இருக்கு. நாப்பதையும் பிரிங்க."

உட்கார்ந்தார். வெயில் நகர நகர, யாரும் சொல்லாமலே நாற்காலியையும் நகர்த்திக்கொண்டு பிரித்தார்.