கதை அம்மா

கடைக்காரரை அவள் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. "திரை இருக்கா? நெட் வேணுமா? நடுவுல விளம்பரம் வருமா? சத்தம் ஒரு அளவுக்கு மேல போகாதே?" குளிர்சாதனப் பெட்டி கம்பெனிக்காக வீட்டிலிருந்தே புகார் அழைப்புகளை எடுப்பவள் அவள். நாளெல்லாம் அடுத்தவர் கேள்விக்குப் பதில் சொல்கிறவளுக்குக் கேள்வி கேட்க ஒரு வாய்ப்புக் கிடைத்தால் விடுவாளா? கடைசியில் ஒரே ஒரு பெரிய பட்டன் வைத்த மரப் பெட்டி ஒன்று வீட்டுக்கு வந்தது. அழுத்தினால் விளக்கு எரியும், கதை சொல்லும். அவ்வளவுதான்.

நான்கு வயது மகளுக்கு வீட்டில் வாலு என்று பெயர். அதுவரை போனைக் கையில் கொடுத்தால் ஒழிய அவளுக்கு ஒரு வாய் உள்ளே இறங்காது. பெட்டி வந்த வாரத்திலேயே போனை மறந்தாள். கேட்ட கதைக்கெல்லாம் சுவரில் படம் வரைந்தாள். "பொல்லாத ஆளுதான் நீ, சாதிச்சுட்டியே!" என்றான் பேக்கரியில் வேலை செய்யும் கணவன். சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டி வாங்கியதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதன்பின் செய்ததுதான் வினையாகிப் போனது.

பட்டனை அழுத்திப் பிடித்தால் அந்தப் பெட்டியில் நம் குரலையும் பதியலாம். செருப்பைத் தொலைத்த முயல் என்று ஒரு கதையை இட்டுக்கட்டி, கதவைச் சாத்திக்கொண்டு பதிந்தாள். தொழில் புத்தி எங்கே போகும்? புகார் சொல்பவர் பேச இடம் விட்டு, நடுநடுவே "ம்", "அப்படியா?" என்று போடச் சொல்லித்தான் கம்பெனியில் பழக்கியிருந்தார்கள். காதில் சரியாக விழாவிட்டாலும் போட வேண்டும். கதையிலும் அப்படியே இடைவெளி விட்டு, பிள்ளை பதில் சொன்னதுபோல் நடுநடுவே கேட்டுக்கொண்டு பேசினாள். பக்கத்திலேயே அம்மா இருப்பதாகப் பிள்ளை நினைத்துக்கொள்ளட்டுமே!

அம்மா ஹெட்போன் மாட்டியிருந்தால் கூப்பிடக் கூடாது என்பது வாலுவுக்கு ஏற்கெனவே போட்டிருந்த கட்டளை. விடியுமுன் வேலைக்குப் போய்த் திரும்பும் அப்பாவோ மத்தியானம் அடித்துப் போட்டாற்போல் தூங்குவான். வாலுவும் சமத்தாக யாரையும் கூப்பிடவில்லை.

ஒரு மத்தியானம் அழைப்புகள் ஓய்ந்திருந்தன. ஹெட்போனைக் கழற்றினாள். பக்கத்து அறையில் யாரோ பேசும் சத்தம் கேட்டது. அவளுடைய குரல்தான். அட, பெட்டிதானே என்று சிரித்துக்கொண்டாள். அப்போது இன்னொரு குரல் கேட்டது.

"உள்ள குத்துதும்மா."

சற்று நேரம் ஒன்றும் இல்லை. பிறகு, "அப்படியா? அப்புறம் என்னாச்சு?"

"காதுக்குள்ள பூச்சி இருக்கு. தூங்க விடமாட்டேங்குது."

"ஐயையோ! பாவம்."

"நேத்தே சொன்னேன்ல?"

"ம்... சமத்துக் குட்டி. கண்ணை மூடிக்கோ. எல்லாம் சரியாயிடும்."

முயலுக்காகச் சொன்ன வார்த்தைகள் அத்தனையும் அந்தந்த இடத்தில் கச்சிதமாக வந்து விழுந்தன. தான் இங்கே நிற்கும்போதே, உள்ளே தன்னைப்போல் ஒருத்தி தன் பிள்ளையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருக்கிறாள்!

கதவைத் தள்ளித் திறந்தாள். வாலு பெட்டியைக் காதோடு அணைத்துப் படுத்திருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்காமல் உதட்டில் விரலை வைத்தாள். "ஷ்ஷ்... அம்மா பேசுறாங்க."

"வாலு, அம்மா இங்க இருக்கேன்டா!"

"நீ போன் அம்மா. இவங்க கதை அம்மா. இவங்கதான் நான் சொன்னா கேப்பாங்க."

பெட்டி மறுபடி பேசியது. "அம்மா எங்கேயும் போகமாட்டேன், சரியா?"

"சரிம்மா," என்றாள் வாலு, பெட்டியிடம்.

பிள்ளையை வாரி எடுத்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. தலையணையில் மஞ்சளாக ஈரம் படிந்திருந்தது. தூங்கிக்கொண்டிருந்த கணவனை எழுப்பி, இருவருமாக டாக்டரிடம் ஓடினார்கள்.

"சீழ் பிடிச்சிருக்கு," என்றார் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்த டாக்டர். "இன்னும் விட்டிருந்தா அந்தக் காது கேக்காமலே போயிருக்கலாம். எத்தனை நாளா வலின்னு சொல்றா?"

கணவன் மனைவியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

"தினமும் அம்மாகிட்ட சொல்றேனே," என்றாள் வாலு.

வீட்டுக்கு வந்ததும் கணவன் குதித்தான். "அந்தச் சனியனைத் தூக்கிக் குப்பையில போடு!"

"அது மேல என்ன தப்பு? மத்த கதையெல்லாம் இருக்கட்டும். இல்லாட்டி மறுபடி போன்தான்." தன் குரலை மட்டும் அழித்தாள். மறுநாளிலிருந்து அறைக்கதவு திறந்தே கிடந்தது. ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டினாள்.

காய்ச்சல் விட்ட அன்று வாலு மடியில் வந்து உட்கார்ந்தாள். "அம்மா, பூச்சி போயிடுச்சு."

"அப்படியா? அப்புறம் என்னாச்சு?" பழக்கதோஷம், வாய் முந்திக்கொண்டது.

வாலு விறைத்துப்போனாள். மெல்லத் தலையைத் திருப்பி அலமாரியில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். அதன் விளக்கு எரியவில்லை. பிறகு கையை நீட்டி அம்மாவின் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"இப்ப நீ நிஜமா கேக்குறியா?"

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு கணவனிடம் சொன்னாள்: "கதை சொல்லப் பெட்டி போதுங்க. பிள்ளை சொல்றதைக் கேக்க நாமதான் வேணும்."