ஐந்து மாத மூப்பு

இஹ்ஸான் விழித்ததும் பாயைச் சுருட்டி வைப்பான். சுபஹ் தொழுவான். குசினிக்குப் போய்க் கேத்தலில் தண்ணீர் வைப்பான். அது கொதிப்பதற்குள் வாசலைக் கூட்டுவான். தேத்தண்ணியைக் குடித்துக் கோப்பையைக் கழுவிக் கவிழ்ப்பான். பிறகு அலுமாரியைத் திறந்து, மேல்தட்டில் இருக்கும் மூக்குக்கண்ணாடியை எடுத்துச் சாரத்தின் நுனியால் துடைத்து, அதே இடத்தில் திரும்ப வைப்பான். அது அவனுடைய கண்ணாடி அல்ல. அவனுக்குப் பார்வையில் ஒரு குறையும் இல்லை. அதன் பிறகு கிண்ணியாப் பாலத்தைத் தாண்டும் பஸ்ஸில் ஏறித் துறைமுக அலுவலகத்துக்குப் போவான். வந்த கப்பலையும் போன கப்பலையும் பதிவதுதான் அங்கே அவன் வேலை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பஸ் பிடிக்கத் தேவையில்லை. அலுமாரியைச் சாத்தும்போது படலையில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றிய முகத்தைக் கண்டதும் அவனுக்கு அடையாளம் தெரிந்தது. சுதர்சிகா, வெருகல் பக்கத்துப் பிள்ளை. மனநோய் குடும்பங்களில் எப்படி இறங்கி வருகிறது என்று ஆராயும் ஒரு பல்கலைக்கழகக் குழுவுக்காக வீடுவீடாகப் போய் மரபணுச் சோதனைக்கு எச்சில் சேகரிப்பவள். போன வருடம், அவன் மனைவி றுஷ்தா உயிரோடு இருந்தபோது, இதே வீட்டுக்கு வந்தவள். அப்போதிருந்தே அவனை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவாள்.

"நானா, றுஷ்தாக்காட விசயம் போன கிழமைதான் கேள்விப்பட்டனான். டெங்கு எண்டு சொன்னாங்கள். நான் என்னத்தைச் சொல்ல..."

"இருங்க," என்று கதிரையைக் காட்டினான். மனைவி போன நாள் முதல் இந்தக் கதைக்கு அவனிடம் இருந்த பதில் அது ஒன்றுதான்.

றுஷ்தா விஞ்ஞான ரீச்சர். கம்பஸில் படிக்கும்போது ஒரு தடவை, மகள் றஹ்மா பிறந்த கையோடு ஒரு தடவை, அவளுடைய மனம் தலைகால் தெரியாமல் பொங்கியது. நாட்கணக்கில் நித்திரை இல்லை. நிறுத்தாமல் கதைத்தாள். வீட்டிலுள்ள அலுமாரிகளையெல்லாம் கொட்டிக் கவிழ்த்துத் திரும்ப அடுக்கினாள். பொங்கி முடிந்ததும் அதே மனம் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தது. மருந்துதான் அவளை எழுப்பியது. காரணத்தை ஊர் உடனேயே கண்டுபிடித்துவிட்டது: றுக்கியாச் சாச்சி, உம்மாவின் தங்கை. இளமையிலிருந்தே அவருக்கும் இதே வருத்தம், இதே அலுமாரிக் கவிழ்ப்பு. 'சாச்சிட வருத்தம் இவவில இறங்கியிருக்கு' என்று கலியாண வீட்டிலும் சொன்னார்கள், இறந்தவருக்குக் கத்தம் ஓதுகிற வீட்டிலும் சொன்னார்கள்.

றுஷ்தாவும் அதை நம்பினாள். ஆனால் நம்பியதோடு நிற்கவில்லை. எதில் இறங்குகிறது? எப்படி இறங்குகிறது? றஹ்மாவிலும் இறங்குமா? ஆய்வில் சேர்ந்தது அதற்காகத்தான். மருந்தினால் அவளுக்கு வாய் எப்போதும் காய்ந்திருக்கும். சுதர்சிகா கொடுத்த குழாயைக் கோடு வரை நிரப்புவதற்குள் பெரும்பாடு பட்டாள். இஹ்ஸான் பக்கத்தில் இருந்துகொண்டு, அவளுக்கு வாய் ஊறட்டும் என்று, பள்ளிக்கூட வாசலில் விற்கும் புளிப்பு வெரளுக்காய் அச்சாற்றை, உப்பு, கொச்சிக்காய்த் தூள், சீனி எதையும் விடாமல் வர்ணித்தான். அவள் சிரித்துச் சிரித்துத் துப்பினாள். "சயன்ஸுக்காக ஒருத்தியும் இவ்வளவு கேவலமாச் சிரிச்சிருக்க மாட்டா," என்றாள்.

"ஒரு சிக்கல் வந்திட்டுது நானா," என்றாள் சுதர்சிகா இப்போது. "உங்கட குடும்பத்தில எடுத்தது ரெண்டு குழாய்தான். றுஷ்தாக்காட குழாயும் றுக்கியா அம்மாட குழாயும் பொருந்தேல்ல. சாச்சியும் பெறாமகளும் எண்டால் கால்வாசியாவது ஒத்து வரோணும். இது பஸ்ஸில பக்கத்தில இருந்த ரெண்டு பேர் மாதிரிக் கிடக்கு. குழாய் எங்கயோ மாறிப் போச்சு எண்டு நினைக்கிறம்."

"மாறினா?"

"றுக்கியா அம்மாட்டத் திரும்ப எடுக்கலாம். மற்றது..." அவள் முடிக்கவில்லை. "எது யாரிட எண்டு நிச்சயம் இல்லாட்டி ரெண்டையும் எறியோணும். அதுதான் விதி."

மனைவியின் மையத்தை அடக்க எடுத்த அன்றும் அழாதவன் இஹ்ஸான். அவளுடைய உடுப்புகளை மாமி கட்டி ஏழைகளுக்குக் கொடுத்து அனுப்பியபோதும் வாய் திறக்காதவன். எங்கோ ஒரு குளிர்ப்பெட்டியில் கிடக்கும் கொஞ்ச எச்சிலுக்காக இப்போது அவனுடைய குரல் உயர்ந்தது.

"எறிய ஏலாது. நான் பக்கத்தில இருந்தனான். பேரை அவதான் தன்ட கையால எழுதி ஒட்டின. குழாய் மாறேல்ல."

"அப்ப என்ன மாறினது, நானா?"

அவன் யோசித்தான். கனகாலத்துக்குப் பிறகு ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. "குழாய் சரியெண்டா, ஆருக்கு ஆர் என்ன முறை எண்டு கீறின குடும்பப் படம்தான் பிழை. அத ஆரைக் கேட்டுக் கீறினீங்க?"

"உங்கட மாமிய."

மாமி நஜ்முன் நிஸா, றுஷ்தாவின் உம்மா, பின்வளவு வீட்டில் இருப்பவர். பேத்தி றஹ்மாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்.

"திரும்பவும் துப்பவா மகள்? எங்கட ஊட்டில துப்பல் முடிஞ்சு போச்சு."

"துப்ப வேணாம் அம்மா. உங்கட சகோதரங்கள மூத்தவர்ல இருந்து ஒருக்காச் சொல்லுங்க."

"மாப்பிள்ளை கேட்டு வந்தவள் மாதிரிக் கேக்கிறாய். மூத்தவர் காலித் நானா. பிறகு நான். பிறகு முனீப். கடைசி றுக்கியா. முனீபும் றுக்கியாவும் ஒண்டா வளந்ததுகள். ரெண்டுக்கும் ஒரே நேரத்தில பல்லு முளைச்சு, உம்மாவக் கடிச்சுக் குதறி வச்சிட்டுதுகள்."

சுதர்சிகா நிமிர்ந்தாள். "இரட்டையா? போன முறை சொல்லேல்லயே."

"என்னத்துக்கு இரட்டை? முனீப் அஞ்சு மாசம் மூப்பு."

சுதர்சிகா இஹ்ஸானைப் பார்த்தாள். இஹ்ஸான் மாமியைப் பார்த்தான்.

"மாமி, அஞ்சு மாசத்தில அடுத்த பிள்ளை எப்பிடி?"

"பெத்தாத்தானே மாசம் பாக்கோணும்?" மாமி அவனை மொக்கனைப் பார்ப்பது போலப் பார்த்தார். "றுக்கியாவப் பெத்தது பக்கத்து ஊட்டு மனிசி. பெத்த கையோட அவ மௌத்து. எங்கட உம்மாதான் முனீபோட சேத்து றுக்கியாவுக்கும் பால் குடுத்த. அப்பிடியே எங்கட ஊட்டோட நிண்டிட்டா."

"இத ஏன் அண்டைக்குச் சொல்லேல்ல அம்மா?"

"எதைச் சொல்ல? உம்மாட பால் குடிச்சவ என்ட தங்கச்சி. முனீப் அவவக் கலியாணம் முடிக்க ஏலாது. காலித் நானாக்கு முன்னால அவ தலை மூடத் தேவையில்ல. எங்கட குடும்பத்தில எத்தனை கலியாணம் பேசினம், எல்லாத்துக்கும் நான் இப்பிடித்தான் எண்ணிச் சொன்னனான். கலியாணம் எழுத வந்த ஒரு லெப்பையும் பிழை சொல்லேல்ல. நீதான் ஸ்கூட்டர்ல வந்து பிழை சொல்றாய்."

சுதர்சிகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பிழை எங்கட கேள்வியில, அம்மா. உங்கட கணக்கு கலியாணத்துக்குச் சரி. ஆனா இந்த வருத்தம் பாலால வாறதில்ல."

மாமி சிரிக்கவில்லை. றஹ்மாவைக் கீழே இறக்கிவிட்டார். "அப்ப றுக்கியாவில இருந்து வரேல்லயா?"

"இல்ல அம்மா."

"அப்ப என்ட வயித்தில இருந்தா?"

இத்தனை வருடமும் தங்கையின் தலையில் இருந்த பாரம் தன் தலைக்கு மாறியது போல, மாமி கதிரைக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சுதர்சிகா தன் கதிரையை அவருக்குக் கிட்ட இழுத்தாள்.

"அப்பிடி ஒரு இடம் இல்ல அம்மா. நிலாவெளி உப்பளத்தில உப்புப் பாத்திருப்பீங்க. ஒரு கல்லால கறி கரிக்காது. இதுவும் அப்பிடித்தான். நூத்துக்கணக்கான சின்னச் சின்ன வித்தியாசங்கள், உங்களிட்டயும் இருக்கும், என்னிட்டயும் இருக்கும். ஒருத்தரில கொஞ்சம் கூடச் சேர்ந்து, அதோட நித்திரை கெட்டு, பிள்ளைப் பேறும் வந்து, வேற என்னென்னவோவும் சேர்ந்தா வருத்தம் வரும். என்னென்ன எண்டு முழுக்க எங்களுக்கும் இன்னும் தெரியாது."

மாமி முக்காட்டைச் சரிசெய்தார். "றுஷ்தாட வாப்பா பக்கமும் இதில சேர்த்தியா?"

"ஓம், அந்தப் பக்கமும்தான்."

"அதானே. அங்கதான் கல்லு கூட இருந்திருக்கும்."

"அப்ப அந்த அலுமாரி?" என்று கேட்டான் இஹ்ஸான். "ரெண்டு பேரும் அலுமாரியத்தானே கவித்த? ரத்தம் இல்லாட்டி அது எப்பிடி ஒத்து வந்தது?"

"வருத்தம் ஒரே ஊட்டில ரெண்டு பேருக்குத் தனித்தனியாவும் வரலாம். அவ்வளவு அரிதான வருத்தம் இல்ல இது. அலுமாரி... சின்னனில சாச்சியப் பாத்து மனசில விழுந்ததோ என்னவோ. எனக்குத் தெரியாது நானா. தெரிஞ்சா நல்லா இருக்கும்."

றுஷ்தா இருந்திருந்தால் இந்த இடத்தில் கதிரை நுனிக்கு வந்திருப்பாள் என்று அவனுக்குத் தோன்றியது. அவள் கேட்டிருக்கக்கூடிய அடுத்த கேள்வியை அவன் கேட்டான். "மகளுக்கு?"

றஹ்மா சுதர்சிகாவின் ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, சுவரில் மோதிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"தாய்க்கு இருந்தா மற்றப் பிள்ளைகள விட வாய்ப்புக் கூடத்தான். ஆனா நூறு பிள்ளையில கிட்டத்தட்டத் தொண்ணூறு பிள்ளைக்கு வராது. எந்தப் பிள்ளைக்கு வருமெண்டு துப்பலைப் பாத்துச் சொல்ல இண்டைக்கு ஒருத்தராலும் ஏலாது. சொன்னா நம்பாதீங்க."

அவன் தலையாட்டினான். அது ஆறுதல் இல்லை. ஆனால் ஊர் சொன்னதைவிடத் துல்லியமாக இருந்தது.

"அப்ப றுஷ்தாட குழாய்?"

"எறியத் தேவையில்ல. அது அவவிடதான். குடும்பப் பகுதியில இருந்து எடுத்துத் தனி ஆக்கள்ட பகுதியில வைப்பம். எங்கட பேராசிரியருக்கு நான் ஒண்டும் விளக்கத் தேவையில்ல, அஞ்சு மாச மூப்பு எண்டாலே போதும்." அவள் எழுந்தாள், திரும்ப உட்கார்ந்தாள். "இன்னும் ஒண்டு. குழாய் இருக்கிறதெண்டால் அவவைப் பற்றின விபரமும் எழுதி முடியோணும். கடைசி நாட்களில அந்த வருத்தம் திரும்பி வந்திருந்ததா? மனம் தெளிவா இருந்ததா?"

"தெளிவாத்தான்," என்றார் மாமி. "கலிமாச் சொல்லித்தான் என்ட மகள் போனா."

கடைசி மூச்சில் மகள் இறைவனைச் சாட்சி சொன்னாள் என்று, மரணம் விசாரிக்க வந்த எல்லோரிடமும் மாமி சொன்னது அது. வார்ட்டில் மாமி இருக்கவில்லை. இஹ்ஸான்தான் இருந்தான். றுஷ்தா வீட்டிலிருந்து ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி அவனை அனுப்பினாள். அவன் அதை எடுத்துக்கொண்டு திரும்பியபோது அவளைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். அதன் பிறகு அவள் கதைக்கவே இல்லை. மாமிக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று இதுவரை அவன் அதைத் தொடவில்லை. இன்றும் தொட விருப்பமில்லை. ஆனால் அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் உண்மை இருக்க வேண்டும். றுஷ்தா அந்த ஆய்விடம் கேட்டது உண்மையைத்தான்.

அவன் எழுந்து போய் அலுமாரியைத் திறந்தான். துடைத்து வைத்த கண்ணாடியை எடுத்து வந்து சுதர்சிகாவின் முன்னால் மேசையில் வைத்தான்.

"மாமி சொன்னது மாமியோட இருக்கட்டும்," என்றான். "மனம் தெளிவா இல்லையா எண்டு நீங்களே பாருங்க. என்னட்ட அவ கடைசியாச் சொன்னது இதுதான்: 'வரக்குள்ள என்ட கண்ணாடியக் கொண்டாங்க. எதிர்க் கட்டில் மனிசிக்கு என்ன வருத்தமெண்டு எழுதித் தொங்கவிட்டிருக்கிறாங்க, இங்க இருந்து வாசிக்க ஏலாமக் கிடக்கு.'"