சம்பந்தியும் நானும் ஒரு ஜோடி

பேத்தியின் சாரணர் முகாம் காட்டுக்குள் ஓர் ஏரிக்கரையில் நடந்தது. கடைசி நாளில் வீட்டார் வந்து பார்க்கலாம் என்றார்கள். மகன் வண்டியை எடுத்தான். முன்சீட்டில் சம்பந்தி உட்கார்ந்திருந்தார். அப்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சம்பந்தி, மருமகளின் அப்பா. பேங்க்கில் அதிகாரியாக இருந்தவர். நான் லாரிக்கு டயர் மாட்டியவன். பேத்தியைத் தினமும் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டிவருவது நான். காய்ச்சலில் அவள் வாந்தி எடுத்தால் கையில் ஏந்துவதும் நான். இவர் எப்போதாவது சாக்லேட் பெட்டியோடு வந்து இறங்குவார். "சாக்லேட் தாத்தா!" என்று ஓடிப்போய்த் தொங்குவாள். நான் வெறும் மீசைத் தாத்தா. எந்நேரமும் சிரிக்கிற மனுஷனை நான் நம்புவதில்லை.

போய் இறங்கியதும் பேத்தி எங்கள் இரண்டு பேர் கையையும் பிடித்து இழுத்தாள்.

"மத்தியானம் போட்ல போறோம். என் பக்கத்துல ஒரு தாத்தாவுக்குத்தான் இடம்."

"யாருக்கும்மா?" என்றேன்.

"பாக்கலாம். தண்ணியில யாரு ஒழுங்கா இருக்காங்கன்னு."

கரையில் ஆணி அடித்த பலகை ஒன்று இருந்தது. பக்கத்தில் கழுத்தில் விசிலோடு முகாம் தலைவி.

"தனியா யாரும் இறங்கக் கூடாது. ஜோடியாத்தான். இறங்குறப்ப உங்க டோக்கனை ஆணியில மாட்டணும், ஏறுறப்ப எடுத்துடணும். கயிறைத் தாண்டாதீங்க. மேல வெதுவெதுன்னு இருக்கும், ஆழத்துல ஐஸ் மாதிரி. அடியில சேறு, கொடி. நான் விசில் அடிச்சா ஜோடியோட கையைப் பிடிச்சு மேல தூக்கணும்."

"நான் பாக்காத தண்ணியா?" என்றேன்.

"தண்ணி உங்களைப் பாத்ததில்லையே, ஐயா."

பேத்தி தன் சிநேகிதியோடு ஜோடி சேர்ந்துகொண்டாள். தலைவி எங்களைப் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் ஒரு ஜோடி" என்றாள். கல்யாணம் முடிந்ததுபோல் பிள்ளைகள் கை தட்டின. சம்பந்தி பல்லைக் காட்டினார்.

இடுப்பளவுத் தண்ணீரில் நான் மரக்கட்டையாக நின்றேன். அவரோ மல்லாந்து படுத்து, தொப்பை மேலே தெரிய மிதந்தார். பேத்தி துள்ளினாள். "சாக்லேட் தாத்தா சூப்பர்! போட்ல நீங்கதான்!"

அவ்வளவுதான். எனக்கு வயிறு எரிந்தது. யாரிடமும் சொல்லாமல் கரையேறினேன். டோக்கனை எடுக்கப் போனால் அந்த விசில்காரி ஏன், எதற்கு என்று கேட்பாள். நாணல் பக்கமாகப் புகுந்து, சமையல் கூடாரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். சமையல்காரம்மா டீ கொடுத்தாள்.

பாதி டீ குடித்திருப்பேன். விசில் விடாமல் அலறியது. சமையல்காரம்மா கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"ஐயோ, தண்ணியில யாரையோ காணோம்."

"எவனாவது கவனமில்லாத பயலா இருப்பான்" என்றேன்.

போய்ப் பார்த்தால், பிள்ளைகளையெல்லாம் கரையேற்றி உட்கார வைத்திருந்தார்கள். பெரியவர்கள் கைகோத்து வரிசையாகத் தண்ணீரைத் துழாவிக்கொண்டு வந்தார்கள். என் மகனும் அதில் இருந்தான். கயிற்றோரம் ஒரு வழுக்கைத் தலை முங்கியது, எழுந்தது, மறுபடி முங்கியது. "ஐயா, வெளிய வாங்க!" என்று தலைவி கத்தினாள். "என் ஜோடிம்மா!" என்று சொல்லிவிட்டு மறுபடி முங்கினார். கழுத்தில் கொடி சுற்றியிருந்தது.

டீ கிளாஸோடு நான் நின்றேன். முதலில் பேத்திதான் பார்த்தாள். ஓடி வந்து என் வயிற்றில் குத்தினாள். திரும்பிப் போய்விட்டாள்.

தலைவி திட்டவில்லை. பலகையிலிருந்து எங்கள் இரண்டு டோக்கனையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். "ரெண்டு பேருக்கும் இன்னைக்குத் தண்ணியும் கிடையாது, போட்டும் கிடையாது."

"தப்பு பண்ணினது நான். அவரை ஏன்?"

"ஜோடி எங்கன்னு அவரும் பாத்திருக்கணும்."

மத்தியானம் பேத்தி மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு படகில் போனாள். பக்கத்தில் சமையல்காரம்மா. அந்த அம்மாவைப் பார்த்தும் எனக்குப் பொறாமை வந்தது. நாங்கள் இருவரும் கரையில் கிடந்தோம். சம்பந்திக்குக் கம்பளி போர்த்தியும் பல் தந்தியடித்தது.

இவர் காணாமல் போயிருந்தால் நான் முங்கியிருப்பேனா? கரையில் நின்று கத்தியிருப்பேன். அது எனக்கே தெரியும். அதனால் அவர் மேல் இன்னும் கோபம் வந்தது.

"உங்களை யாரு முங்கச் சொன்னா?" என்றேன்.

"உங்க பேத்திதான் சம்பந்தி. ‘மீசைத் தாத்தா, மீசைத் தாத்தா'ன்னு தொண்டை கிழியக் கத்தினா. அதைக் கேட்டுட்டு எப்படிச் சும்மா நிக்கிறது?"

"என்னையா கூப்பிட்டா?"

"பின்ன என்னையா? எனக்கு ஏது மீசை?"

நான் படகைப் பார்த்தேன். தூரத்தில் துடுப்பு போட்டுக்கொண்டிருந்தாள்.

"எத்தனை தடவை கூப்பிட்டா?"

"யோவ், அதை எண்ணிக்கிட்டா முங்கினேன்?"

என் கம்பளியையும் எடுத்து அவர்மேல் போட்டேன். "சரி, ஞாபகப்படுத்திச் சொல்லுங்க. அழுதாளா?"