அந்தோனியார் காலடியில் சம்மன்

கண்டி டவுனில் ஹார்ட்வெயார் கடையொன்றில் வேலை பார்க்கும் கபிரியேல், கேட்டவருக்கு இல்லையென்று சொல்லாத மனுஷனாம். அந்தப் பெருந்தன்மையில்தான் கூட்டாளி றொட்னியின் லோனுக்குப் பிணைக் கையெழுத்துப் போட்டார். றொட்னி கட்டாருக்குப் பறந்துவிட்டான். லோன் கம்பனி கபிரியேல் மேல் வழக்குப் போட்டது.

மனைவி பெற்றீசியாவுக்கு இது தெரியவந்தது, வீட்டில் வைத்திருந்த புனித அந்தோனியார் சுரூபத்தைத் தூக்கித் தூசி தட்டியபோதுதான். அடியில் இரண்டு கடிதங்கள். ஒன்று கோட்டுக்கு வரச்சொன்ன சம்மன், மேலெல்லாம் மெழுகு. மற்றது தீர்ப்பு. ஆள் வராததால் கம்பனி கேட்டபடியே முழுப் பணத்தையும் கட்டவேண்டுமாம்.

“கோட்டுக்கு ஏன் போகல?”

“நம்ம குடும்பத்துல யாரும் கோட்டுப் படி ஏறினதில்ல. ஒம்பது செவ்வாய்க்கிழமை மெழுகுதிரி கொளுத்தினேன்.”

அடேயப்பா, என்ன வம்சம்!

“பயப்படாத. கோட்டு ஆக்கள் சாமான் தூக்க வர்றதுக்குள்ள டீவியையும் அலுமாரியையும் அக்கா வீட்டுல ஒளிச்சு வச்சிருவோம்.”

“வீட்ட எந்த லொறியில ஏத்துவீங்க?”

ஆம்பிட்டிய வீடு, அவள் ஏழு வருஷம் குவைத்தில் அடுத்தவன் கக்கூஸ் கழுவிக் கட்டியது. காணி அவர் பெயரில். பணம் கட்டாவிட்டால் அதுதான் ஏலம் போகும்.

திங்கட்கிழமை அவரை லோயர் தாஸிமிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

“தீர்ப்பு கையில கிடைச்சு பதினாலு நாளைக்குள்ள, அத ரத்துப் பண்ணச் சொல்லி மனுப் போடலாம்” என்றார் லோயர். “இன்னைக்குப் பன்னிரண்டாம் நாள். ஆனா வராததுக்கு ஞாயமான காரணம் வேணும். சம்மன் கிடைச்சதா?”

“கிடைக்கவேயில்ல, சேர்!” கபிரியேல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அந்தப் பொய்யாவது வீட்டைக் காப்பாற்றட்டுமே என்றிருந்தது பெற்றீசியாவுக்கு.

அவள் கொடுத்த தீர்ப்போடு மெழுகில் ஒட்டிக்கொண்டு வந்திருந்த சம்மனை லோயர் பிரித்தெடுத்துத் திருப்பினார். மன்றாட்டைக் கடதாசியில் எழுதிப் புனிதரின் காலடியில் வைப்பது கத்தோலிக்கரின் வழக்கம். இந்தக் கெட்டிக்காரர் வேறு கடதாசி தேடச் சோம்பல்பட்டு, சம்மனின் பின்பக்கத்திலேயே எழுதியிருந்தார். லோயர் வாசித்தார்: “புனித அந்தோனியாரே, இந்த வழக்கைக் கூப்பிடாமல் பண்ணும். கபிரியேல். மார்ச் நான்கு.”

கையெழுத்தும் இருந்தது. கையெழுத்துப் போடுவதில்தான் அவர் மன்னனாயிற்றே!

“இதப் பார்த்த பொறகு நான் பொய்ச் சத்தியக் கடதாசி எழுதமாட்டேன். கையில ஒரு தொகையோட கம்பனிக்குப் போங்க. மிச்சத்த மாசாமாசம் கட்டுறோம்னு எழுத்துல கேளுங்க. ஒத்துக்கிட்டா கோட்டுல பதிஞ்சிரலாம்; தவணை தவறாட்டி வீடு ஏலம் போகாது. இன்னைக்கே போங்க.”

படியிறங்கும்போது பெற்றீசியா கையை நீட்டினாள். “பைக் சாவிய எடுங்க.”

“பைக்கா? நான் எப்படி வேலைக்குப் போறது?”

“பஸ்ஸுல.”

கபிரியேலின் கண் கலங்கியது. வீட்டுக்குக் கலங்காத கண்! “அந்தோனியார் என்னக் கைவிட்டுட்டாரே…”

“காணாமப் போனதக் கண்டுபிடிச்சுக் குடுக்கிறவரு அவரு. நீங்க ஒளிச்சத எனக்குக் கண்டுபிடிச்சுக் குடுத்துட்டாரு. சாவி!”

கொடுத்தார். பைக் விற்ற காசை வாங்கிக்கொண்டு கம்பனி தவணைக்கு ஒத்துக்கொண்டது. தவணைக் கடிதத்தில் அவரைக் கையெழுத்துப் போட விடுமுன், பெற்றீசியா அதை ஒவ்வொரு வரியாக வாசித்தாள்.