முதல் கட்டம் காலி

கச்சேரிக்கு இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது. மறுநாள் மாலை ஏழு மணிக்கு நீடாமங்கலத்தில் நிலமில்லாதவர்களுக்குப் பட்டா வழங்கும் விழா. அமைச்சர் வரும்வரை கூட்டத்தைக் கலையாமல் உட்கார வைப்பது பஞ்சநதத்தின் மெல்லிசைக் குழுவின் பொறுப்பு. திருவாரூரில் ஒத்திகை என்று கிளம்பியவர்கள், அறுவடைக் கூலித் தகராறில் கீவளூரோடு பஸ் நின்றுவிட, திரும்பி வந்து நாகூரில் ஜெக்கரியா வீட்டு முன்கூடத்தில் வாத்தியங்களை இறக்கினார்கள். நாளை ரயிலில் போய்க்கொள்ளலாம்.

கதவுத் திரைக்கு உள்ளே ஜெக்கரியாவின் அக்கா ஹபீபுன்னிசா தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தாள். பௌதிகம் படித்தவள். மாமா கப்பலிலிருந்து கொண்டுவந்த கியூபா இசைத்தட்டை ஒரு மாதம் கேட்டு, அதன் ஐந்து அடிகளைக் கிராஃப் தாளில் பதினாறு கட்டங்களுக்குள் குறித்து, குழுவின் ஃபங்க் என்ற மேற்கத்திய ஆட்டப் பாட்டுக்குப் பொருத்தியவள் அவள்தான். குழுவில் அதற்கு ஜெக்கரியாவின் கணக்கு என்றே பேர். அதை வைத்துத்தான் அவனுக்குக் கொங்கா மேளம் கிடைத்தது. "உன் பேரைச் சொன்னா சிரிப்பாங்க லாத்தா" என்றான். அவளும் சரி என்றிருந்தாள்.

இன்று பாட்டு நொண்டியது. நாலு முறை எடுத்தார்கள். நாலு முறையும் கொங்காவும் பேஸ் கிடாரும் முட்டிக்கொண்டன. பஞ்சநதம் தவில்காரர் வீட்டுப் பிள்ளை. முதல் கட்டம் காலியாக இருந்ததைப் பிழை என்று எண்ணி, தாளத்தின் தொடக்கத்திலேயே அடி விழும்படி இரண்டு பாதிகளையும் இடம் மாற்றியிருந்தார்.

"உன் கணக்கு உனக்கே புரியலையே தம்பி. முதல் கட்டம் ஏன் காலின்னு சொல்லு. இல்லன்னா கொங்கா வாசிக்க உத்திராபதியக் கூப்பிட்டுக்கிறேன். நீ கூட்டத்தோட உக்காந்து பட்டா வாங்கிக்க."

கிடார்க்காரர் சிரித்தார். ஜெக்கரியா தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே வந்தான். முதல் அடி பேஸ் கிடாருக்கும் காலால் மிதிக்கிற டிரம்முக்கும் சொந்தம், அவர்களுக்கு விட்டுவிட்டு மூன்றாவது கட்டத்தில் நுழை என்று அவள் முணுமுணுத்தாள். அவன் போய் அடித்துப் பார்த்தான். தாளத்தின் தொடக்கத்தில் அடித்தே பழகிய கை மறுபடியும் முதல் கட்டத்திலேயே விழுந்தது. பஞ்சநதம் கொங்காவுக்கு உறை போடச் சொன்னார். ஜெக்கரியா திரையைப் பார்த்தான்.

ஹபீபுன்னிசா முக்காட்டை இழுத்துவிட்டுக் கதவருகே வந்தாள். நிலைச்சட்டத்தில் விரலால் தட்டினாள். மூன்று, ஐந்து, ஒன்பது, பன்னிரண்டு, பதினைந்து. முதல் கட்டத்தைத் தொடவில்லை. இரண்டாவது சுற்றில் பேஸ் கிடார் தானாகவே அந்தக் காலிக் கட்டத்தில் வந்து உட்கார்ந்தது. டிரம்மும் சேர்ந்தது. எட்டுச் சுற்று யாரும் நிறுத்தவில்லை.

"யாருங்கம்மா அது?" என்றார் பஞ்சநதம்.

"இவனோட லாத்தா. கணக்கு என்னோடதுங்க."