சுவருக்கு மேலே வந்த வாசம்

தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் ரகசியம் என்ற ஒன்று கிடையாது. ஆறு வீட்டுக்கும் சேர்த்து ஒரே தகரக் கூரை. வீட்டுக்கு வீடு நடுவில் நிற்கிற சுவர் அந்தக் கூரையைத் தொடாமல் ஒரு முழம் கீழேயே நின்றுவிடும். கட்டின வெள்ளைக்காரன் செங்கல்லில் சிக்கனம் பிடித்தானோ, இதுகளுக்கு இது போதும் என்று நினைத்தானோ, அவனைப் பிடித்துக் கேட்க இப்போது ஆள் இல்லை. பக்கத்து வீட்டு இருமல், பக்கத்து வீட்டு டிவி, பக்கத்து வீட்டுப் புருஷன் பெண்சாதி வாக்குவாதம் எல்லாம் அந்த ஒரு முழம் வழியாகத் தாராளமாக வந்து போகும். அப்படிப்பட்ட லயத்தில், கடைசி வீட்டு ஜீவராணியும் சுவரொட்டிய வீட்டுப் பேச்சியம்மாவும் மூன்று வருஷமாக ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார்கள். அதற்கு எவ்வளவு வைராக்கியம் வேண்டும் என்பது லயத்தில் குடியிருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

எல்லாம் ஒரு துண்டுக் கருவாட்டால் வந்தது.

ஜீவராணியின் புருஷன் அழகன் தேயிலை ஃபெக்டரியில் வேலை பார்த்தவர். ஒருநாள் சாயந்தரம் வேலைவிட்டு வந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் திரும்ப எழுந்திருக்கவில்லை. அந்தத் தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால், பிரேதத்தை எடுக்கிற வரைக்கும் அந்த வீட்டில் அடுப்பு எரியாது; சுவரொட்டிய வீட்டிலும் எரியாது. ஒரு வாய் தேத்தண்ணி என்றாலும் அடுத்த லயத்திலிருந்துதான் வரும். யாரும் யாருக்கும் இதை எடுத்துச் சொல்வதில்லை, சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அப்படியிருக்க, மறுநாள் விடிகாலையில் அழகனை நடுவீட்டில் கிடத்தியிருக்கும்போது, தலைமாட்டில் ஜீவராணி தலையில் அடித்துக்கொண்டு அழும்போது, சுவருக்கு மேலேயிருந்து கருவாடு பொரிக்கிற வாசம் இறங்கியது. சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். ஜீவராணியின் அழுகை அந்த நிமிஷத்தோடு நின்றது. பிறகு அவள் அழவே இல்லை. மத்தியானம் எடுத்தபோது மூக்கன் வந்து தோள் கொடுத்தார்; அவர் பெண்சாதி பேச்சியம்மா மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டாள்.

அன்றிலிருந்து ஜீவராணிக்கு அந்த வாசம் ஓயவில்லை. கொழுந்து பறிக்கிறபோதும் வந்தது, மலைத்தண்ணீர் விழுகிற பீலியில் குடம் பிடிக்கிறபோதும் வந்தது. இவளுக்கு என்ன நெஞ்சழுத்தம், என் புருஷன் பொணமாகக் கிடக்கையில் நாக்குக்கு ருசி கேட்டிருக்கிறதே என்று மனதுக்குள் ஒரு தடவை திட்டி முடித்துவிட்டுத்தான் மறு வேலை பார்ப்பாள். அதுவே பழகிவிட்டது.

இந்தத் தை மாதம் மகள் தனுஜாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை சுமன் டிக்கோயாப் பையன், நல்ல பிள்ளை. சித்திரைக் கடைசியில் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவேண்டும், வைகாசியில் தாலி. தாலியறுத்தவள் வெற்றிலை வைக்கலாமா என்று லயத்தில் ஒன்றிரண்டு பேர் முணுமுணுக்கத்தான் செய்தார்கள். பெத்த தாய் வைக்காமல் வேறு யார் வைப்பார்கள் என்று தனுஜா ஒரே போடாகப் போட்டு அவர்கள் வாயை அடைத்தாள். ஆனால் அதைவிடப் பெரிய சிக்கல் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. கோயிலுக்கு வைத்த பிறகு முதல் வெற்றிலை சுவரொட்டிய வீட்டுக்குத்தான். கடைசி வீட்டுக்காரிக்கு அப்படி ஒரே ஒரு வீடுதான் உண்டு.

ஆள் மூலம் கொடுத்தனுப்பலாம் என்று ஜீவராணி சொன்னபோது தனுஜா சண்டை போடவில்லை. ஹட்டனில் மருந்துக்கடை வேலைக்குப் போக பையை மாட்டிக்கொண்டே, "பேச்சிப் பெரியம்மா இல்லாம மணவறையில ஒக்காந்தா எனக்கு என்னமோ மாதிரி இருக்கும்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு இறங்கிப் போனாள். சண்டை போட்டிருந்தால் ஜீவராணி சமாளித்திருப்பாள். இப்படிச் சொன்ன பிறகு போகாமலும் இருக்கமுடியாது, போய்ச் சிரித்த மாதிரி நடித்துத் தட்டை நீட்டவும் மனம் வராது. வயிறெரிந்துகொண்டு வைக்கிற முதல் வெற்றிலை பிள்ளையின் வாழ்க்கைக்கு ஆகாது என்று அவள் உள்ளூர நம்பினாள். ஆக, சித்திரைக்குள் அந்த எரிச்சல் அணைந்தாகவேண்டும்.

மஸ்கெலியாவுக்குப் போகிற பாதையில், தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் ஒரு சின்ன ஆராமை, புத்த மடம், உண்டு. ஒரு புத்தர் சிலை, ஒரு அரசமரம், இரண்டு அறை. அங்கே இருந்தவர் பத்துச் சீலம் காக்கிற ஒரு பெண் துறவி. சிங்களத்தில் மாணியோ என்பார்கள். தோட்டத்து வாயில் அது மாணியம்மா ஆகிவிட்டது. வயது முப்பத்தைந்துக்கு மேல் இராது. மாத்தளைக் கடைத்தெருவில் பிறந்தவர் என்பதால் தமிழ் ஓரளவு வரும். ஞாயிறும் பௌர்ணமிப் போயாவும் ஜீவராணி அங்கே போய் முற்றம் கூட்டி, சமைத்து வைத்துவிட்டு வருவாள். புத்தருக்கு ஒரு கும்பிடு, திரும்புகிற வழியில் மாரியம்மனுக்கு ஒரு கும்பிடு. இரண்டு பேரும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பானையைத் தேய்த்த தேய்ப்பில் அடியே போயிருக்கும். மாணியம்மா வந்து பக்கத்தில் குந்தி, பானை என்ன பாவம் செய்தது என்று கேட்டார். ஜீவராணி கருவாட்டில் தொடங்கி வெற்றிலை வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மாணியம்மா பதில் சொல்ல வாயைத் திறந்த நேரம் பார்த்து, ஒரு குரங்கு உள்ளே புகுந்து பூசைக்கு வைத்திருந்த வாழைச்சீப்பைத் தூக்கிக்கொண்டு ஓடியது. மாணியம்மா எழுந்து விளக்குமாற்றை வீசி, சிங்களத்தில் நாலு வார்த்தை கத்தினார். அந்த நாலும் துறவிகள் சொல்கிற வார்த்தைகள் இல்லை என்பது ஜீவராணிக்கு விளங்கியது.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது மாணியம்மாவின் காது சிவந்திருந்தது. பன்னிரண்டு வருஷம் ஆகியும் இந்தக் குரங்குகளிடம் தான் தினமும் தோற்பதாக அவரே சொல்லிச் சிரித்தார். பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"அக்கா, கொரங்குக்கு இங்க ஒரு சட்டம் இருக்கு. வெரட்டுறதில்ல, சாப்பாடும் போடுறதில்ல. வருதா, பாக்கிறது. போகுதா, பாக்கிறது. நான் இப்ப மறந்துட்டேன். கோவத்துக்கும் அதே சட்டம்தான். அந்த மணம் வந்தா திட்டாம, மூக்கைப் பொத்தாம பாருங்க. எங்க இருந்து வருது, ஒங்க ஒடம்புல எங்க போய் ஒக்காருது, எப்ப எந்திரிச்சுப் போகுது. அவ்வளவுதான்."

அவ்வளவுதானா என்று ஜீவராணிக்கு ஏமாற்றமாக இருந்தது. ஒரு நூலாவது கட்டிவிடுவார் என்று எதிர்பார்த்திருந்தாள். இருந்தாலும் செலவில்லாத காரியம், செய்து பார்ப்போம் என்று மறுநாள் காலையிலேயே தொடங்கினாள்.

அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அதன் முன்னால் குந்தி, சுவருக்கு மேலே இருக்கிற இடைவெளியைப் பார்த்துக் காத்திருப்பாள். வாசம் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று. ரொட்டி சுடுகிற வாசம் வந்தது. தேங்காய்ச் சம்பலுக்கு வெங்காயம் இடிக்கிற வாசம் வந்தது. மூக்கனின் பீடி வந்தது, இருமல் வந்தது. தன் அடுப்புப் புகை எழும்பித் தகரத்தில் முட்டி, மெல்லச் சுவரைத் தாண்டி அவர்கள் வீட்டுக்குள் இறங்குவதையும், அவர்கள் புகை இந்தப் பக்கம் வந்து அதோடு கலப்பதையும் முதல் தடவையாகக் கவனித்தாள். இத்தனை வருஷம் கண்ணைக் கசக்கிக்கொண்டு திட்டியது யார் வீட்டுப் புகையை என்று அவளாலேயே பிரித்துச் சொல்லமுடியவில்லை.

கோபமும் வராமல் இல்லை. அந்தப் பக்கம் சட்டி சத்தம் கேட்டாலே போதும், நெஞ்சுக்குள் சூடு ஏறும், தாடை இறுகும். பார்த்தாள். தண்ணீர் கொதிப்பதற்குள் அது இறங்கிவிட்டது. மூன்று வருஷமாக விடாமல் எரிகிறது என்று நினைத்திருந்தது, தான் விறகு தள்ளாவிட்டால் ஒரு கேத்தல் தண்ணீர் கொதிக்கிற நேரம்கூடத் தாங்கவில்லை. அது போன இடத்தில் வேறு ஏதோ ஒன்று கனமாகக் கிடந்தது. அதைக் கண்டதும் அவளுக்குப் பயமாக இருந்தது. சட்டென்று எழுந்து கூடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவாள்.

மாசி போய்ப் பங்குனி வந்தது. கருவாட்டு வாசம் மட்டும் வரவில்லை. ஒருநாளும் வரவில்லை. கோபத்தைப் பார்ப்பதற்காக வாசத்துக்குக் காத்திருந்து சலித்துப்போனாள் ஜீவராணி. லயத்தில் கருவாடு இல்லாத வீடு உண்டா? அதிலும் பேச்சியம்மா கட்டாக் கருவாடு இல்லாமல் சோற்றைத் தொடாதவள் என்று தோட்டத்துக்கே தெரியும்.

சிலாபத்திலிருந்து கருவாட்டு வேன் வந்த சனிக்கிழமைதான் அவளுக்கு உறைத்தது. லயமே பையோடு வேனைச் சூழ்ந்து நின்றது. பேச்சியம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வேன்காரர் பழைய பழக்கத்தில் கூப்பிட்டார். அவள் நிமிராமலே வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு, முறத்தோடு உள்ளே எழுந்து போனாள். ஜீவராணி கையில் கருவாட்டுப் பொட்டலத்தோடு நின்று யோசித்தாள். போன மாதமும் இவள் வாங்கவில்லை. போன வருஷமும் வாங்கவில்லை. அன்றைக்குப் பிறகு அந்தச் சுவருக்கு மேலே அந்த வாசம் ஒரு தடவைகூட வந்ததே கிடையாது. அப்படியென்றால் மூன்று வருஷமாக நான் முகர்ந்துகொண்டிருந்தது என்ன? பொட்டலத்தைப் பிரிக்காமலே கொண்டுபோய் உறியில் வைத்தாள்.

சித்திரைக் கடைசி வெள்ளிக்கிழமை கோயிலில் தட்டை வைத்து எடுத்துக்கொண்டு நேராகப் பேச்சியம்மா வீட்டு வாசலுக்குப் போனாள். மூக்கன் எழுந்து, வாம்மா என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நழுவினார். பேச்சியம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு பேசுகிற முதல் வார்த்தை என்னவாக இருக்கவேண்டும் என்று ஜீவராணி வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தாள். வாயில் வந்தது வேறு.

"அக்கா, நீங்க ஏன் கருவாடு வாங்குறதில்ல?"

பேச்சியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அன்னைக்கு ராத்திரி பூரா ஒன் தல என் மடியிலதான் இருந்துச்சு ராணி. விடியுறப்ப மொகம் கழுவிட்டு வரலாம்னு வந்தேன். தூக்கமில்ல, கண்ணு தொறக்க முடியல. வேலைக்குப் போற நாளுன்னு நெனச்சிச்சோ என்னமோ, கை அதுபாட்டுக்கு அடுப்பப் பத்தவச்சு, இவருக்குக் கட்டிக் குடுக்கக் கருவாட்டப் போட்டுருச்சு. வாசம் ஏறின பொறகுதான் எனக்கு நெனவே வந்துச்சு. சட்டியோட தூக்கி வெளிய எறிஞ்சேன். வாசத்த எறிய முடியுமா? அது ஒன் வீட்டுக்கு வந்துருச்சு. அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்து நிக்கிறது?"

"பொறகாவது வந்து சொல்லியிருக்கலாம்லக்கா."

"நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னுதான் இருந்தேன்."

அந்த மடி ஜீவராணிக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது. தலையைக் கோதிக்கொண்டே இருந்த அந்தச் சொரசொரப்பான கை, கொழுந்துக் கறை ஏறின விரல். எப்படி மறந்தாள்? ஒரு வாசம் அந்த ராத்திரி முழுவதையும் துடைத்துக்கொண்டு போயிருக்கிறது. கை தானாகப் போய் அடுப்பைப் பற்றவைத்தது என்கிறாள். என் மனமும்தான் தினமும் தானாகப் போய்ப் பற்றவைத்தது. சுவருக்கு இந்தப் பக்கம் அதற்குக் கோபம் என்று பெயர், அந்தப் பக்கம் வெட்கம் என்று பெயர். எரிந்தது ஒரே நெருப்பு.

கோபம் முழுசாகப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். நெஞ்சுக்குள் ஒரு சூடு மிச்சம் இருந்தது. ஜீவராணி அதைப் பார்த்தாள், அது இருக்கட்டும் என்று விட்டாள். குனிந்து தட்டை நீட்டினாள். பேச்சியம்மா முந்தானையில் கையைத் துடைத்துத் துடைத்து, பிறகு வெற்றிலையை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மற்ற வீடுகளுக்கும் வைத்து முடித்துவிட்டுத் திரும்பிய ஜீவராணி, உறியிலிருந்த கருவாட்டுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் அங்கே போனாள். வெள்ளிக்கிழமையாயிற்றே என்று பேச்சியம்மா தயங்கினாள். சாமி நாளைக்குக் கோபித்துக்கொள்ளட்டும், இன்றைக்கு இரண்டு துண்டு பொரியுங்கள் என்று சொல்லிவிட்டு வந்து, அழகனைக் கிடத்தியிருந்த அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

சட்டி வைக்கிற சத்தம் கேட்டது. எண்ணெய் சீறியது. வாசம் தகரத்துக்கு ஏறி, ஒரு முழ இடைவெளியில் நுழைந்து, மெல்ல அவள் மேல் இறங்கியது. வா என்று காத்திருந்தாள். கோபம் வரவில்லை. அது எப்போதும் உட்கார்கிற இடத்தில், இத்தனை நாள் பயந்து பயந்து தாண்டிப்போன அந்தக் கனம் கிடந்தது. இந்தத் தடவை அவள் எழுந்து ஓடவில்லை. அது அழகன். எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு, தேயிலைத் தூசி ஒட்டின புருவத்தோடு அழகன். என் மனுசன் போய்விட்டான் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் பாதியில் நின்ற அழுகை விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. வாயில் சேலையைத் திணிக்காமல், சத்தமாகவே அழுதாள்.

அந்தப் பக்கம் கரண்டி நின்றது.

"ராணி? என்னடி ஆச்சு?"

ஜீவராணி மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லக்கா. கருகிறப் போகுது, திருப்பிப் போடுங்க."