காலர் மைக்

உலகத்தில் அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்காதவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் கடவுள், இன்னொருவர் ஆவணப்பட இயக்குநர். கடவுளைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. தன்னைப் பற்றி இல்லை. தையற்கடை வாசலில் நின்று, முகத்தில் சிரிப்பின் நிழல்கூட இல்லாமல் இயக்குநர் இதைச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவன் அவருடைய ஒலிப்பதிவாளன், மனைவியின் தம்பி. பதினேழு மாதமாக வாரம் ஒரு முறை கேட்கிறான். தலையாட்டுவதற்கென்றே கழுத்தைப் பழக்கி வைத்திருந்தான்.

மச்சானுக்கு அந்தப் பாடம் தேவை என்பது இயக்குநரின் கட்சி. போன படத்தில் ஒரு மாமனார் மருமகன் சண்டை உச்சத்தில் இருந்தபோது மாமனாரின் கைத்தடி கீழே விழுந்தது. கிழவர் அதை எப்படி எடுக்கப்போகிறார் என்று கேமரா மூச்சைப் பிடித்துக் காத்திருக்க, இவன் நடுவில் நுழைந்து குனிந்து எடுத்துக் கொடுத்துவிட்டான். "நம்ம தொழில்ல முதுகு வளையக் கூடாதுடா" என்று அன்று சொன்னதை இயக்குநர் குடும்ப விசேஷங்களிலும் சொல்லிவந்தார். அவர் மனைவி அதை அப்படியே ஆமோதித்தாள். வீட்டிலும் அவர் அந்தக் கொள்கையை விட்டதில்லை என்றும், துடைப்பம் எந்த மூலையில் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது என்றும் சாட்சி சொன்னாள்.

இந்தப் படம் ஓர் அண்ணன் தம்பியைப் பற்றியது. கீழே பெரிய மாஸ்டர் துணி வெட்டுவார். மரப்படி ஏறினால் பரண் மாதிரி ஓர் அறை, அங்கே சின்ன மாஸ்டர் தைப்பார். இருவரும் பேசி நாலு வருடம் ஆகிறது. ஒரு நாள், துணி வாங்க வந்தவர் முன்னால், தம்பி தைத்த காலரை அண்ணன் பிளேடால் பிரித்துப் போட்டு, கண்ணை எங்கே வைத்துத் தைத்தாய் என்று கேட்டுவிட்டார். அதோடு சரி. வெட்டிய துணி கயிறு கட்டிய கூடையில் மேலே போகும், சட்டையாகக் கீழே வரும். சொல்ல வேண்டியதெல்லாம் சாக்பீஸ் கோடுகளில். முகம் கொடுத்துப் பேசாத இருவர் சேர்ந்து தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு எத்தனையோ பேர் பெண் பார்க்கப் போய்வந்தார்கள். ஒருவருக்கும் ஒரு பக்கம் தூக்கவில்லை.

படத்துக்காக இருவர் சட்டையிலும் காலர் மைக் மாட்டியிருந்தது. பெரிய மாஸ்டர் அதை எப்போதோ மறந்துவிட்டார். கூடை இறங்கும் ஒவ்வொரு முறையும் சட்டையைத் திருப்பி, காலர் விளிம்பில் நகத்தை ஓட்டி, உதட்டுக்குள் ஏதோ சொல்வார். பக்கத்தில் நின்றாலும் கேட்காது. ஹெட்போனில் மட்டும் தெளிவாக விழும்: "படுபாவி, என்னமா தைக்கிறான்."

மேலே இருப்பவர் கதை வேறு. ஒரு வருடமாக அண்ணனுக்குக் கண் மங்கி, வெட்டு அங்கங்கே கோணிக்கொண்டு வந்தது. தம்பி வாயைத் திறக்காமல் அந்தக் கோணலைத் தையலில் சரிக்கட்டினார். கேமரா பார்த்தது. அண்ணன் பார்க்கவில்லை.

ஹெட்போனில் கேட்டதை மச்சான் மூன்றாம் மாதமே மேலே போய்ச் சொல்லிவிட்டான். சின்ன மாஸ்டர் நம்பவில்லை. சத்தம் பிடிக்க வந்தவனுக்குச் சமாதானம் எதற்கு என்று கேட்டு இறக்கிவிட்டார். அன்றிலிருந்து இயக்குநர் மச்சானைத் தரகர் என்றே கூப்பிட்டார். ஜாதகம் கொண்டுவந்திருக்கிறாயா என்று தினமும் விசாரித்தார்.

இன்று கடைசி நாள். கடையை விட்டு மகள் ஊருக்கே பெரிய மாஸ்டர் போய்விடுகிறார். நாலு மணிக்கு வண்டி வருகிறது. இயக்குநருக்கு முடிவு மனப்பாடம். அண்ணன் கடைப்படி இறங்கிப் போவார், மேலே மெஷின் நிற்காமல் ஓடும்.

"அந்த மெஷின் சத்தம் போதும்டா. படம் முடிஞ்சும் ஒருத்தன் எந்திரிக்க மாட்டான்."

"அப்புறம் அவங்க ரெண்டு பேரும் என்ன ஆவாங்க, மாமா?"

"அவங்களுக்கென்ன? படத்துல இருப்பாங்க."

மச்சான் ஹெட்போனையும் ஒலிப்பதிவுப் பெட்டியையும் அவர் கையில் கொடுத்துவிட்டு, டீ குடிக்கப் போவதாகச் சொல்லிக் கிளம்பினான்.

இயக்குநர் மேலே போய்க் கேமராவை ஓடவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டார். சின்ன மாஸ்டர் கடைசிச் சட்டையில் கடைசிப் பொத்தானைக் கட்டி, நூலைப் பல்லால் கடித்து, மடித்துக் கூடையில் வைத்தார். கயிறு இறங்கியது. அடுத்து என்ன தைக்கிறோம் என்று தெரியாமலேயே ஒரு துண்டுத் துணியை ஊசிக்கு அடியில் கொடுத்து மெஷினை மிதிக்க ஆரம்பித்தார். எதிர்பார்த்ததைவிட அருமையாக இருந்தது. வெளியே வண்டி ஹாரன் அடித்தது.

ஹெட்போனில் கூடை தரையைத் தொட்டது. சட்டை உதறும் ஓசை. காலரில் நகம் ஓடியது. போய், திரும்பி வந்து, மறுபடி போனது. பிறகு, பேசுவதற்கு முன் பெரிய மாஸ்டர் எப்போதும் இழுக்கும் அந்த மூச்சு.

இயக்குநர் ஹெட்போனைக் கழற்றிச் சின்ன மாஸ்டர் காதில் வைத்தார்.

"என்ன சார் இது?"

"ஒண்ணுமில்ல மாஸ்டர். சவுண்டு சரியா வருதான்னு பாருங்க."

சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார். கீழே இருப்பவர் என்ன சொன்னார் என்பது இப்போது இயக்குநருக்குக் கேட்கவில்லை. மெஷின் நின்றது மட்டும் கேட்டது.

சின்ன மாஸ்டர் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு கை ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தது. மெஷினுக்கு அடியில் அவருடைய இடது கால் செருப்பைத் துழாவியது. செருப்பு எட்டாமல் தள்ளிக் கிடந்தது.

கேமராவுக்கு முன்னால் குனிந்து, இயக்குநர் அதை அவர் காலடிக்கு நகர்த்தி வைத்தார்.